ஈரப்பதம் பதினேழு

மழை விட்ட மூன்றாம் நாள்
முல்லைத்தீவு வீதியின் பாதியை
நெல்லால் மூடினோம்.
மற்றப் பாதி பஸ்சுக்கு.
"இது றோட்டோ, களமோ?"
கத்திக்கொண்டு போனான் கொண்டக்டர்.
இரண்டும்தான் தம்பி.
தாருக்குக் காசு கொடுத்தது அரசாங்கம்,
வெயிலை இன்னும் ஒருவரும் கேள்விக்கு எடுக்கவில்லை.

வெட்டு மெசின் ஏக்கருக்குப் பதினாலாயிரம்.
போன போகம் பதினொன்று.
டீசல் ஏறிவிட்டதாம்.
டீசல் இறங்கிய மாதமும் ஒன்று வந்துபோனது,
முரசுமோட்டையில் அதை
மெசின்காரர் எவரும் கேள்விப்படவில்லை.

அறிவித்த விலை கிலோ நூற்றியிருபது.
வானொலி சொன்னது,
பிரதேச செயலகத்துச் சுவர் சொன்னது.
களஞ்சியத்துப் பூட்டு மட்டும்
ஒன்றும் சொல்லாமல் தொங்கியது.
நிதி வரவில்லையாம்.
நிதி வந்தபின் சாக்கு வரவில்லையாம்.
சாக்கும் வந்த அன்று
ஒரு பொடியன் கருவியோடு இறங்கினான்.
என் நெல்லில் ஒரு பிடி
அதன் வாயில் போட்டான்.
பதினேழு.
"பதினாலுக்கு மேலே எடுக்கேலாது அம்மா."

மூன்று வீதம் தண்ணீர்.
அது இரணைமடுத் தண்ணீர், மகனே.
கூட்டம் வைத்து, எங்களைக் கை உயர்த்தச் சொல்லி,
ஏக்கர் எண்ணி
நீங்கள் திறந்துவிட்டது.

வவுனியா யோகலிங்கத்தின் லொறிக்கு
நிதியும் வரத் தேவையில்லை, சாக்கும் வரத் தேவையில்லை.
மழைக்கு முதல் நாளே
வேம்பின் கீழ் வந்து நின்றது.
அவரிடம் கருவி இல்லை.
ஒரு நெல்லைக் கடித்தார்.
வானத்தைப் பார்த்தார்.
பிறகு என் காதைப் பார்த்தார்,
தோடு இல்லாத துளையை.
"தொண்ணூற்றிரண்டு" என்றார்,
அதற்குள் எழுதியிருந்ததை வாசித்தவர் போல.
மூடைக்கு இரண்டு கிலோ கழிவு.
"விருப்பமில்லாட்டில் விட்டிடுங்கோ அக்கா,
ஆரும் கட்டாயப்படுத்தேல்லை."

உண்மைதான்.
வெள்ளிக்கிழமை லீசிங்காரன் வருவான் என்பது
கட்டாயத்தில் சேராது.

சவுக்காரத்துக்கும் பற்றரிக்கும்
தடை இருந்த காலத்தில் எனக்குப் பத்து வயது.
பாணைக் குடைந்து, அதற்குள் இரண்டு பற்றரி வைத்து
அண்ணன் கொண்டுவந்தான்.
அதற்கு விலை என்று ஒன்று இருக்கவில்லை.
பயம் இருந்தது,
அதைத்தான் எண்ணிக் கொடுத்தோம்.
ஆகவே, அரசாங்கம் தூர நிற்கட்டும் என்று
ஆரும் மேடையில் சொன்னால்
தலையாட்டுகிறேன்.
நெல்லுக்கு விலை கட்டு என்று
அடுத்த மேடை சொன்னால்
அதற்கும் ஆட்டுகிறேன்.
தலையாட்டலுக்கு மட்டும்தான்
இங்கே வரியும் இல்லை, கழிவும் இல்லை.

தொண்ணூற்றிரண்டுக்கே கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள்
யோகலிங்கத்தின் கையாள் மோட்டார் சைக்கிளில் வந்தான்.
"அக்கா, உங்கட கமக்காரர் அட்டையை ஒருக்காத் தாங்கோ.
காணிப் பேமிற் கொப்பியும்."
என் நெல் அவர்களின் மில் முற்றத்தில்
பதின்மூன்றரைக்குக் காய்ந்துவிட்டது.
இப்போது அது களஞ்சியத்துக்குப் போகிறது,
நூற்றியிருபதுக்கு,
என் பெயரில்.
கமக்காரரிடம் மட்டும்தானே
அரசாங்கம் வாங்கும்.

"கையெழுத்துக்கு எவ்வளவு?"
"இரண்டாயிரம்."

பேனையின் மூடியைக் கடித்தேன்.
வானத்தைப் பார்த்தேன்.
பிறகு அவனுடைய மணிக்கூட்டைப் பார்த்தேன்.
களஞ்சியம் நாலு மணிக்குப் பூட்டும்.
"கிலோவுக்குப் பத்து ரூபா" என்றேன்.

"அநியாயம் அக்கா!"

"விருப்பமில்லாட்டில் விட்டிடுங்கோ தம்பி,
ஆரும் கட்டாயப்படுத்தேல்லை."

ஸ்டார்ட் போட்டான்.
போகமாட்டான் என்று நினைத்தேன்.
புழுதி அடங்க முதல்
பக்கத்தில்
புவனாக்காவின் படலை திறக்கிற சத்தம்.
அவவுக்கும் வெள்ளிக்கிழமைதான்.

ஆயிரத்தைந்நூறுக்கு வைத்தாவாம் கையெழுத்தை.