பதினொரு விநாடி

நாற்பத்திரண்டு கேள்விகளோடு போனேன்.
எல்லாம் பல்கலைக்கழகத்தில் சலவை செய்து
மடிப்புக் கலையாமல் அடுக்கியவை.
பீல் நகரத்தின் மெட் பகுதி.
நூலகத்துக்குப் பின்னால், ஹீட்டர் கனைக்கும் ஓர் அறை.
நவம்பர் மூடுபனி யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு
உள்ளே ஆர் ஆர் என்று பார்த்தது.

ஐந்து பேர். மூத்தவளுக்குப் பதினெட்டு.
"உங்களுக்கு மணிக்கு எத்தனை பிராங்க்?"
முதல் கேள்வி ப்லெர்தாவுடையது.
சொன்னேன்.
"எங்களுக்கு?"
பீட்சா கூப்பன் என்று சொல்ல
என் வாய் கூசியது.
அன்றிரவே பட்ஜெட்டில் இரண்டு வரிகளை
அடித்துத் திருத்தினேன்.

ஆய்வின் பொருள்:
பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகள்.
வங்கியில், வரி அலுவலகத்தில்,
மருத்துவரின் மேசைக்கு இந்தப் பக்கம்.

ஒப்புதல் படிவம் கொடுத்தனுப்பினேன்.
பெற்றோர் முழுதும் விளங்கிக் கையெழுத்திட வேண்டும்.
மறுநாளே கொண்டுவந்தான் சாயிஷன்.
"அம்மாவுக்கு ஆர் விளங்கப்படுத்தினது?"
"வேற ஆர்? நான்தான்."
அறை முழுக்கச் சிரிப்பு.
நான் நெறிமுறைக் குழுவின் முத்திரையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழகான வட்டம்.

பிறகு கேள்விகளை வெட்டத் தொடங்கினார்கள்.
'மொழிபெயர்ப்பது உங்களுக்குச் சுமையா?'
அதன்மேல் பச்சைப் பேனையால் கோடு இழுத்தாள் செலாம்.
"எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுவினம்.
ஓம் எண்டால் அம்மாவைக் குறை சொன்ன மாதிரி."
அவள் சொன்னது பெர்ன் ஜெர்மனில்.
தமிழாக்கியது நான்.
பழக்கதோஷம்.

ஓரத்தில் அவள் எழுதினாள்:
'எந்தச் சொல்லை நீ சொல்லாமல் விட்டாய்?'

ஒத்திகைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள்.
கதிரையைத் திருப்பிப் போட்டு என்னை இருத்தினார்கள்.
ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்புப் பொட்டு.
செலாம் தாளைப் பார்க்காமலே கேட்டாள்.

பன்னிரண்டு வயது. வெள்ளை அறை.
அப்பாவின் சட்டைப் பொத்தான்கள்
ஒரு துளை தவறிப் பூட்டியிருக்கின்றன.
மருத்துவரின் உதடு அசைகிறது.
அந்தச் சொல் என் காதுவரை வருகிறது.
அப்பா என்னைப் பார்க்கிறார்.

"அடுத்த கேள்வி," என்றேன்.

யோனாஸ் எழுத்தாக்கினான்.
ஒரு வரியில்: மௌனம், பதினொரு விநாடி.
ஒத்திகைதானே, தரவில் சேராது,
எடுத்துவிடலாம் என்றேன்.
வாக்கெடுப்பு வைத்தார்கள்.
ஆறு கைகளில் என்னுடையதும் ஒரு கை.
தோற்றேன்.
"கேட்கிறவையும் பதில் சொல்லோணும்,"
விதிகள் ஒட்டிய சுவரில்
நான்காவதாக அதையும் ஒட்டினார்கள்.

ஏப்ரலில் நகரசபை.
மருத்துவமனையில் எந்நேரமும் எடுக்கக்கூடிய
மொழிபெயர்ப்புத் தொலைபேசி வேண்டும்.
ஒரே கோரிக்கை. ஐந்து பேரும் மாறிமாறிப் பேசினார்கள்.
"இளைஞரின் குரல், நெகிழ்ந்துபோனோம்," என்றார்
நடு இருக்கைக்காரர்.
"குரல் இல்லை," என்றாள் ப்லெர்தா,
"அறுபத்தொரு நேர்காணல்."
கை தட்டினார்கள்.
ஆளுக்கொரு சாக்லேட் கட்டி தந்தார்கள்.
சாயிஷன் தன்னுடையதை
படிக்கட்டு இறங்குமுன் தின்று முடித்தான்.

அறிக்கையில் பெயர்கள் அகரவரிசையில்.
என் பெயர் நான்காவது.
பேராசிரியர் காரணம் கேட்டார். சொன்னேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைதோறும்
ப்லெர்தா மருத்துவமனைக்குப் போன் எடுக்கிறாள்.
"பரிசீலனையில் உள்ளது."
கொப்பியில் தேதியைக் குறிக்கிறாள்.
இதுவரை இருபத்தாறு திங்கள்.
இதுவும் தரவுதான் என்கிறாள்,
வடிவாக ஒரு அட்டவணை போட்டுத் தா
என்கிறாள் என்னிடம்,
வெள்ளிக்குள்.