எதுவும் இடாத மூன்று வரிசை

பதினெட்டாம் நாள் பீன்ஸின் கீழிலை மஞ்சளிக்கும்.
இருபதாம் நாள் மேலிலையும்.
பிடித்து இழுத்தால் வரும்,
ஈரச் சுவரிலிருந்து ஆணி வருவதுபோல்
ஒரு அடமும் இல்லாமல்.
வேர் இருக்கவேண்டிய இடத்தில்
ஊறிய தேயிலை நிறத்தில் ஒரு நூல்.
உருவினால் தோல் கையோடு வந்துவிடும்.

விஹிகாவில் எல்லாருக்கும் தெரியும் இந்த நிறம்.
கால் ஏக்கர்.
அதற்குள் வீடு, ஒரு மாடு, மாமனாரின் கல்லறை.
மிச்சத்தில் சோளமும் பீன்ஸும்
வருடத்துக்கு இருமுறை, அதே மண்ணில், அதே குழியில்.
மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறார்கள்.
கொடுக்கலாம்.
அதுவரை வயிற்றுக்கு யார் ஓய்வு கொடுப்பது?

எசெண்டி மோட்டார் சைக்கிளில் வந்தான்,
ஆராய்ச்சி நிலையத்துப் பையன், முழங்கால்வரை செம்மண்.
பையில் மருந்து பாட்டில் இருக்குமென்று பார்த்தேன்.
இருந்தது ஒரு அளவுநாடா, ஒரு நோட்டு.
"வேலியில் நிற்கிறதே, அதுதான் மருந்து" என்றான்.

வேலியில் நிற்பது கசப்புப் பூ.
மஞ்சளாய், வெட்கமில்லாமல், கேட்பாரற்று.
எனக்கும் இமாலிக்கும் நடுவில் நிற்கிறது.
இமாலி என் ஓரகத்தி.
வேலி ஓரடி என் பக்கம் நகர்ந்ததா இல்லையா என்பதில்
நாலு வருடமாய்ப் பேச்சில்லை.
இலை யாருடையது என்ற கேள்வி
எசெண்டியின் நோட்டில் இல்லை.

விடியுமுன் வெட்டினேன்,
என் பக்கத்துக் கிளைகளை மட்டும்.
பிறகு கொஞ்சம் நடுவிலும்.
நறுக்கி, மக்கிய சாணத்தோடு கலந்து புதைத்தேன்.
இரண்டு வாரம் விதைக்காதீர்கள் என்றான்,
பச்சையாய் அழுகும்போது நோய்க்கும் அது விருந்தாம்.
மழை வந்தது. ஊரே விதைத்தது.
நான் மட்டும் வாசலில்
விதை டப்பாவைக் குலுக்கிக்கொண்டு.
அந்தப் பதினான்கு நாளும் நான் முணுமுணுத்தது
மண்புழுவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் வேண்டாம்.

விதைத்த அன்று
மூன்று வரிசைக்குத் தனியாகக் குச்சி நட்டான்.
"இங்கே இலையும் இல்லை, எருவும் இல்லை.
ஒப்பிட வேண்டும். எதுவும் செய்யாதீர்கள்."
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
மூன்று பேருக்கு மட்டும் இலை போடாமல் போவது.
இதற்குப் பந்திவஞ்சனை என்று பெயர்;
அவன் வேறு பெயர் சொன்னான்.

பதினெட்டாம் நாள் அந்த மூன்றும் மஞ்சளித்தன.
பத்தொன்பதாம் நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.
இருபதாம் நாள் இரவு
ஒரு கையில் செல்போன் வெளிச்சம், இடுப்பில் எருக் கூடை.
குனிந்து, ஒவ்வொரு செடியின் கழுத்துவரை
மண் அணைத்தேன், அழுகிய வேருக்கு மேலே
தண்டு புதுவேர் விடட்டும் என்று.
அது அவனே சொன்னதுதான், வேறு வரிசைகளுக்கு.

வேலிக்கு அப்பால் இருமல்.
"நடுவிலிருப்பதை விட்டுவிட்டாய்" என்றது இமாலியின் குரல்.
நாலு வருடத்தில் முதல் வார்த்தை.
கொஞ்சம் கழித்து:
"என் பக்கத்துக் கிளையும் வேண்டுமானால் வெட்டிக்கொள்.
ஆனால் அந்த ஓரடி என்னுடையதுதான்."

எசெண்டி வந்தான். எண்ணினான்.
இலையிட்ட வரிசைகளில் நூற்றுக்கு எழுபது நின்றன,
முப்பது போய்விட்டன; அதிசயம் ஒன்றுமில்லை.
எதுவும் இடாத மூன்றில் பாதி உயிரோடு இருந்தன.
இருக்கக் கூடாது.
பென்சிலைக் கடித்தான்.
என் நகக்கண்ணைப் பார்த்தான்.
பிறகு ஒரு செடியைப் பிடித்து இழுத்தான்,
கொஞ்சம் அடம் பிடித்தே வந்தது.
அடியில் பழுப்பு. அதற்கு மேலே
அரிசி முளைபோல் வெள்ளையாய் நாலைந்து.
வெகுநேரம் பார்த்துவிட்டு
நோட்டில் மூன்று வரிசைக்கும் குறுக்கே கோடு போட்டான்.
"இது கணக்கில் சேராது, கடேன்யி அம்மா."

சேராத கணக்கில் விளைந்தது
ஒன்றரை தகரடப்பா.
அரை டப்பா வேலிக்கு அப்பால் போனது.
ஓரடி வழக்கு இன்னும் நிற்கிறது,
அதன்மேல் கசப்புப் பூ மறுபடி துளிர்க்கிறது,
அடுத்த மழைக்கு முன்
இருவரும் வெட்டவேண்டும்.