தள்ளுகிறவன்

எல் ஆல்ட்டோவின் ஞாயிற்றுச் சந்தையில்
கிடைக்காதது என்று ஒன்று கிடையாது.
ஒற்றைக்கால் பொம்மை, பேருந்தின் கதவு,
யாரோ கழற்றிவைத்த பல்செட்.
நாங்கள் தேடிப்போனது சக்கரம்.

ரோலர் ஸ்கேட் இரண்டு ஜோடி, ஊதா நிறம், வார் அறுந்தது.
முப்பது பொலிவியானோவை எதெல்வினா இருபதுக்கு இறக்கினாள்.
பிள்ளைக்கா, என்றார் விற்றவர்.
ஆமாம், மூன்று கால் பிள்ளை, என்றாள்.

பதினாறு சக்கரம். நாலு இரும்புக் கோணம்.
கோணத்தின் இரு முகத்திலும் இரண்டிரண்டாய்
எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் முடுக்கினால்
குழாயைக் கவ்விக்கொண்டு உட்காரும்,
கழுதைமேல் மூட்டை உட்காருகிற மாதிரி.
பலகைக்கு என் அண்ணன் கட்டிலின் தலைமாடு.
அவன் சான்டா குரூஸிலிருந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தண்டவாளம் என்பது மரியாதைக்கு.
தண்ணீர் போகவேண்டிய பிளாஸ்டிக் குழாய்தான்,
மூன்று மீட்டரில் எட்டு.
இணைகிற இடத்தில் உள்ளே துடைப்பக்கட்டைத் துண்டு,
வெளியே உப்புத்தாள், அதன்மேல் முகப்பவுடர்.
ஃபெர்மின் ஒரு தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிப்
பலகைமேல் வைத்தான். தள்ளினேன்.
முதல் இணைப்பில் சிந்தவில்லை. இரண்டாவதிலும்.
மூன்றாவதில் ஒரு சொட்டு.
மறுபடி உப்புத்தாள்.

செலவுக் கணக்கு எதெல்வினாவின் உள்ளங்கையில் இருந்தது,
அவள் கை கழுவும்வரை.

எடுக்கவேண்டியது ஒரே ஷாட்:
விடியலில் கேஸுக்குக் காத்திருக்கும் வரிசை,
கடைசி ஆளிலிருந்து முதல் ஆள்வரை.
மஞ்சள் சிலிண்டர்கள்,
மேலே அமர்ந்த அடுக்குப் பாவாடைகள், தொப்பிகள்,
புகைபிடிக்காத வாய்களிலிருந்து புகை.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றுக்கும் ரேஷன்.
நான் மூச்சு விட்டால் படம் ஆடும் என்று
பன்னிரண்டு மீட்டரும் அடக்கிக்கொண்டேன்.
முதல் டேக், ஒரு நாய் குழாயை முகர்ந்து காலைத் தூக்கியது.
இரண்டாவதில் வரிசை முழுக்கக் கேமராவுக்குத் தலைசீவியது.
மூன்றாவதில் எனக்குக் கண் இருட்டிற்று.
கட் சொன்ன பிறகு சா, சத்தூக்கோ, என்றாள் எதெல்வினா.

நாலாவது
வெண்ணெயில் கத்தி போல் போய்க்கொண்டிருந்தது.
பாதி தூரத்தில்
டங்.
டங்.
ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டியபடி லாரி,
ஒரு மணிநேரம் முன்னதாக,
அதுவும் தெருவின் மறுமுனையில்.
கடைசி ஆள் முதல் ஆளாகிவிட்டார்.
பாவாடைகள் எழுந்தன, இரும்பு உருண்டது,
வரிசை எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடியது.
எதெல்வினா கட் சொல்லவில்லை. தள்ளு, என்றாள்.
ஆளே இல்லையே.
தள்ளு.

காலி நடைபாதை ஓரமாகவே போனோம்.
தரையெங்கும் உறைபனி. சிலிண்டர் நின்ற இடங்களில் மட்டும்
பனி படியாத வட்டம்.
வட்டம்.
வட்டம்.
குழாய் முடிகிற இடத்தில்,
மூன்று மணிக்கே வந்து முதலிடம் பிடித்த டோன்யா பாசிலியா
இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.
லென்ஸை நேராகப் பார்த்து ஒரு வசை சொன்னார்.
எங்களுக்கா, லாரிக்கா, அந்த மூன்று மணிக்கா,
தெரியவில்லை.

பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.
இது எவ்வளவு கனம் தாங்கும்?

கேமரா இறங்கியது, சிலிண்டர் ஏறியது.
வந்த வழியே பன்னிரண்டு மீட்டர் வழுக்கிப் போயிற்று.
அதற்கப்புறம் தெரு.
ஃபெர்மின் பின்னால் கிடந்த குழாயைப் பிடுங்கி
முன்னால் போட ஓடினான்,
நான் தள்ள, அவன் பிடுங்க, நான் தள்ள.
லாரிக்காரன் ஸ்பேனரை விட்டுவிட்டுச் சிரித்தான்.
அவருக்குக் கடைசி சிலிண்டருக்கு முந்தினது கிடைத்தது.

மூச்சைப் பிடித்திருந்தேன் என்று சத்தியமே செய்வேன்.
ஆனால் நாலாவது டேக்கில், வட்டங்கள் கடக்கும்போது,
யாரோ இரைக்க இரைக்க மூச்சு வாங்குகிறார்கள்.
எதெல்வினா அதை வெட்டவில்லை.

போன வாரம் அண்ணன் வந்துவிட்டான்.
சக்கரங்களை டோன்யா பாசிலியா வாங்கிப்போயிருந்தார்.
கட்டிலில் தலைமாட்டைத் திரும்பப் பொருத்தினேன்.
எட்டுத் துளை.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
படுத்தபடியே புரண்டு
ஒன்றில் கண்ணை வைத்துப் பார்த்தான்.