திருத்தம்

ப்ளஃப் குன்றில் மின்வெட்டு.
கீழே டர்பன் துறைமுகம், கப்பல் விளக்குகள் மட்டும்.
லோஷ்னி கவுண்டன் பழைய திகில் கதையொன்றைத்
திரும்ப எழுதுகிறாள்.

அதில் ஆழ்கடலில் கண்விழிக்கும் ஏதோ ஒன்று.
அதைத் தொழும் கறுத்த கூலிகளுக்குப் பெயர் கிடையாது;
அவர்கள் முனகுவது
மனித மொழியே இல்லையாம்.

அடித்தாள் அந்த வரியை.
"தண்ணி இருக்காண்ணே" என்றுதான் கேட்டான்
பதிவேட்டின் 4417,
ஐந்து வருஷக் கரும்பு முடித்து
செய்யாற்றுக்குத் திரும்புகிற சடையன்.

பூதத்தை மட்டும் அவள் தொடவில்லை.
வானளவு எழுகிறது.
எவரையும் பொருட்படுத்தாத அந்தக் கண் பட்டுப்
பேராசிரியருக்குப் பித்துப் பிடிக்கிறது.
சடையன் அண்ணாந்து பார்க்கிறான்:
"தோட்டத்துத் துரைக்கும்
இதே பார்வைதான்."

மின்சாரம் வந்தது.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்க,
லோஷ்னி எழுந்துபோய்
கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள்.