கடைசி எண்

நீங்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடும்
அந்தப் பாட்டின் பல்லவி
ஒரு லாரி நம்பர்.

நாலு ஏழு ரெண்டு
என்றதும் பறை நிற்கும், என் கிதாரும் நிற்கும்.
ஆளுக்கொரு எண்ணைக் கத்துவீர்கள்.
நிறையப் பேர் ஏழு.
புதுச்சேரியில் ஒருமுறை யாரோ பிரெஞ்சில் கத்தினார்.

குடிகாடு வளைவு, விடியாத நேரம்.
இறால் கம்பெனி ஷிப்ட் முடிந்து
சைக்கிளில் முன்னால் அஞ்சலாட்சி,
பின்னால் அவள் தம்பி இருசப்பன்.
அன்றைக்கு சிப்காட் காற்றில்
அழுகிய முட்டைக்கோஸ் வாசம் என்பான்,
கேட்காமலே சொல்வான்.

லாரி நிற்கவில்லை.
பேனா இல்லை, செல் செத்திருந்தது.
வாயிலேயே எழுதிக்கொண்டான்.
அக்காவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து
ஷேர் ஆட்டோவில் முதுநகர் ஸ்டேஷன் போகிறவரை
நாலு ஏழு ரெண்டு நாலு ஏழு ரெண்டு.
தாளம் ரோட்டுக் குழிகள் போட்டது.
நாங்கள் போட்டதில்லை.

"கடைசி எண்?"
சேறு அப்பியிருந்துச்சு சார்.
"அப்ப பத்து லாரி" என்று
ரைட்டர் மூடிவைத்தார்,
பேனாவை.

முதலில் இழுத்து இழுத்துத்தான் பாடினேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்திருந்தாள் அஞ்சலாட்சி,
இடது முழங்காலுக்குக் கீழே
வெறும் புடவை.
"ஒப்பாரியா வைக்கிற?
மெதுவாப் பாடினா
லாரி தப்பிச்சிடும்டி."

அன்று மூன்று கம்பி அறுந்தது.

மாசி மகத்துக்கு மறுநாள், தேவனாம்பட்டினம்.
பறை நின்றது.
நீங்கள் கத்துவதற்கு அரை நொடி முன்னால்
ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
கத்தாமல்,
"ஆறு."

லாரி ரிவர்ஸ் எடுக்கையில்
வா வா, வரலாம், வா என்று
பின்னால் நின்று சொல்லிப் பழகிய குரல்.

இருசப்பன் கைக்குச்சி மணலில் விழுந்தது.
அதற்கும் விசிலடித்தீர்கள்.
கூட்டத்தை விலக்கிப் போய்ப் பார்த்தால்
சேமியா ஐஸ் உருகிய ஈரம்,
வேறொன்றுமில்லை.

ஸ்டேஷனில் புது ரைட்டர்.
ஆறு என்றோம்.
"யார் சொன்னது?"

அதனால்தான் இப்போதெல்லாம்
அந்த இடத்தில் ரொம்ப நேரம் நிற்கிறோம்.
இருசப்பன் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி,
அஞ்சலாட்சி ஓரத்திலிருந்து
இன்னும், இன்னும் என்று விரலாட்ட.

மறந்துவிட்டார்கள் போல என்று சிரிக்கிறீர்கள்.
ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.
கத்துவதை மட்டும்
கொஞ்சம் பொறுத்து.