உடைக்க ஒரு கோல்

குய்மாராஸ் போகும் கடைசிப் படகு ரத்து.
இலோயிலோ துறைமுகத்தின் பின்சந்தில்
தகரக் கூரைமேல் மழை
மூட்டை மூட்டையாய் நெல்லைக் கொட்ட,
ஒதுங்கிய இடத்தில் மூன்று மேசைகள்,
ஒரு மின்விசிறி, ஒரு சண்டை.

ஆர்னெலுக்கு ஐஸ் தொழிற்சாலையில் வேலை.
அவனிடம் இரண்டு கோல்கள்.
ஒன்று கறுப்பு. கல்போன்ற முனை. உடைக்க மட்டும்.
மற்றது மேப்பிள் மரம்,
பதினோரு தவணையில் வந்து சேர்ந்தது.
அதன் தோல்முனையை அவன்
கன்றின் மூக்கைத் தொடுவதுபோல் தொடுகிறான்.

டொமிங் படகோட்டி. ஒரே கோல்.
அடியில் டீசல் கறை.
பதினைந்து பந்து முக்கோணத்தைச்
சிதறடிப்பதும் அதுதான்.
பிறகு ஒன்றாம் எண்ணை,
தூங்குகிறவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிற பதத்தில்
மூலைக்குழியில் இறக்குவதும் அதுதான்.

"பாளத்தைப் பிளக்கிற ஊசியாலயா
ஐஸைச் சீவுவே?"
"படகைக் கிளப்ப ஒரு எஞ்சின்,
ஓட்ட ஒரு எஞ்சினா வச்சிருக்கேன்?"

வாசலோரம் பிளாஸ்டிக் முக்காலியில்
எர்லிண்டா. பிளேடு, பசை, உப்புத்தாள்.
முனைத்தோல் மாற்றுகிறவள்.
அவள் யார் பக்கமும் பேசவில்லை.
ஓங்கி அடித்த தோல் நசுங்கும்,
ஓரம் காளானாய்ப் பிதுங்கும்,
அப்புறம் மெல்லத் தொட்டால் பந்து சொன்னபேச்சு கேட்காது.
இது அவளுக்குத் தெரியும்.
இதுதான் அவளுக்குச் சோறு.

பந்தயம் ஐந்நூறு பெசோ. முதலில் ஐந்து எடுப்பவனுக்கு.
நான்குக்கு நான்கு.

உடைத்தவன் ஆர்னெல்.
என்ன ஒரு அடி!
கூரையின் மழையே ஒரு கணம் நின்றதாய்ப் பட்டது.
மூன்று பந்துகள் மூன்று குழிகளில்.
யாரோ விசிலடித்தார்கள்.
அந்த விசிலில்தான் போயிற்று எல்லாம்.
மேப்பிள் சுவரில் சாய்ந்திருக்க,
கறுப்புக் கோலோடு அப்படியே குனிந்துவிட்டான்.
பக்கச்சுழல் கொடுக்கப் பார்த்தான்.
கீச்!
வெள்ளைப் பந்து எங்கோ வேடிக்கை பார்க்கப் போனது.

டொமிங் மேசையைத் துடைத்தெடுத்தான்.
அழகாக அல்ல.
பிதுங்கிய முனையோடு
இரண்டு பந்து குழியின் உதட்டில் தயங்கித்தான் விழுந்தன.

ஒரே கோலே நல்லது என்று
முடிவுகட்டப் பார்த்தேன் நான்.
பந்து என்று சொல்லிப் பாருங்கள்:
வல்லினத்தில் தொடங்கி, மெல்லினத்தில் சற்றுச் சாய்ந்து,
மறுபடி வல்லினத்தில் முடிகிறது.
இடையில் யாரும் நாக்கை மாற்றுவதில்லை.
செங்கோலையும் கொடுங்கோலையும்
தனித்தனிப் பையில் வைத்திருப்பவன்
ஒருநாள் தவறானதை உருவுவான்.

சரி.
ஆனால் போன மாதம்
கதவதிரக் கத்திய அதே வாயால்
பத்து நிமிடம் கழித்து
சாப்பிட்டாயா என்று கேட்டேன் வீட்டில்.
கேள்வி வழுக்கிக்கொண்டு போனது.
அப்போது எனக்கும் வேண்டியிருந்தது
மூலையில் சாய்த்துவிட்டு வர
இன்னொரு நாக்கு.

எர்லிண்டாவிடம் கேட்டேன், எது சரி?
"இவன் மாசம் ஒருக்கா வருவான்,
அவன் வாரா வாரம் வருவான்"
என்றாள், பிளேடிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஜெயித்த ஐந்நூறில் முந்நூறு
டொமிங் அவளிடம்தான் கொடுத்தான்.
பழைய தோலைச் சீவி எறிந்தாள்,
நகத்துண்டுபோல் அது என் செருப்பருகே விழுந்தது.
புதியதை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி,
நூறுவரை எண்ணினாள்.

"நாளைக்கு ராத்திரிவரை இதால உடைக்காதே."
"சரி."

மழை கொஞ்சம் குறைந்தது.
ஆர்னெல் முக்கோணத்தை அடுக்கிக்கொண்டிருந்தான்.
டொமிங் கோல்முனையை ஊதி ஊதி
உலர்ந்துவிட்டதா என்று
உதட்டில் வைத்துப் பார்த்தான்.