பள்ளிகொண்டாவில் எழுபது நிமிடம்

தோட்டப்பாளையம் லாட்ஜ் வாசலில்
அவர்களை ஏற்றும்போதே முப்பத்தெட்டு.
ராத்திரி மூன்று மணிநேரம் கரண்ட் போனதை
மால்டாவிலிருந்து வந்தவர்களுக்கு
எந்த மொழியில் சொல்ல?
'தோடா ருக்னா ஹை' என்றேன்.
தலையாட்டினார்கள்.
ஆறு வாரமாக வரிசையில் நின்றே பழகியவர்கள்.

சுங்கச்சாவடி தாண்டி, புளியமர நிழலில்
இரண்டு சார்ஜிங் துப்பாக்கி.
ஒன்றின் கழுத்தில் அட்டை: வேலை செய்யாது.
மற்றதில் ஓசூர் வண்டி,
உள்ளே ஏசி போட்டுத் தூங்குகிற ஆள்.
கண்ணாடியைத் தட்டினேன்.
எட்டு விரலைக் காட்டினான்.
எண்பது ஆனதும் எடுப்பானாம்.

மே மாதம்.
வேலூர் வெயிலை வேலூர்க்காரனுக்கு விளக்க வேண்டாம்.
பாட்டரிக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
என் முறை வந்தபோது
சொட்டுச் சொட்டாகத்தான் குடித்தது,
காய்ச்சல் கண்ட பிள்ளை கஞ்சி குடிப்பதுபோல.

எதிரே பெட்ரோல் பங்க்.
மச்சான் இருதயநாதனுக்கு அங்கே பதினோரு வருஷம்.
டீயோடு ரோட்டைக் கடந்து வந்தான்.
'இன்னாப்பா, நானா இருந்தா
நாலு நிமிஷத்துல அனுப்பிருப்பேன்.'
'நாலாயிரமும் வாங்கிருப்ப.'
சிரித்தோம்.
கேபிளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:
'எல்லாரும் இதுக்கு மாறிட்டா
என்னை இன்னா பண்ணுவாங்க?'
ஒயரைச் சொருக ஆள் தேவையில்லை.
அது அவனுக்கும் தெரியும்.
டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம், சரி.
பாட்டரிக்கு எட்டு வருஷ வாரண்டி, சரி.
ஒன்பதாவது வருஷம்?
கடன் ஏழில் முடியும். எனக்கென்று ஓட ஒரு வருஷம்.
அப்புறம் இதை வாங்குகிறவன் யார்?
எடைக்குப் போட்டால் எங்கே போகும்?

எங்கே போகும் என்று ஓரளவு தெரியும்,
அதுதான் பயம்.
பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு
வேண்டாததை எந்தப் பக்கம் கொட்டுவார்கள் என்று
தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.
எங்கள் கிணற்றில் தோல் கழுவிய உப்பு நின்றுவிட்டது.
செருப்பு எங்கேயோ நடந்து போய்விட்டது.

ஜெனிட்டா ஏழாவது படிக்கிறாள்.
'எங்க அப்பா வண்டி புகை விடாது' என்று
கட்டுரை எழுதினாள்.
ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில்
'கரண்ட்?' என்று மட்டும் எழுதியிருந்தார்.
பத்துக்கு ஏழு.
மீதி மூன்று எதற்குப் போயிற்று என்று
அவளுக்கு இன்னும் கோபம்.

போன வாரம் காட்பாடி ஸ்டேஷன் முன்னால்
வெள்ளைக்கோல் வைத்திருந்தவர்
என் பானட்டில் கோலை ஓங்கி அடித்தார்.
'வர்றது தெரிய வேணாமாய்யா?'
மன்னிப்புக் கேட்டேன்.
ஆனால் வயிற்றில் தையல் போட்டவர்கள்
இந்த வண்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.
உறுமாது. உதறாது.
இப்போதும் பின்சீட்டில் நிகில் மண்டல்
வாய் திறந்து தூங்குகிறார்.
ஆறு வாரத்தில் பகலில் தூங்குவது இதுதான் முதல்முறை
என்கிறார் மனைவி.

திரையில் ஏறுகிற எண்ணைப் பார்த்துவிட்டு
உடைந்த இந்தியில் அந்தம்மா கேட்டார்:
இது எத்தனை வருஷம் ஓடும்?
எட்டு, என்றேன்.
எழுதிக் கொடுத்தார்களா?
கொடுத்தார்கள்.
மடியிலிருந்த மஞ்சள் ஃபைலை
ஒருமுறை தடவிக்கொண்டார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

எழுபத்தாறு.
துப்பாக்கியைக் கழற்றி மாட்டினேன்.
பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றிருந்தது,
வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
கிருஷ்ணகிரி வரை கவலையில்லை.
அங்கே சார்ஜர் வேலை செய்தால்
பெங்களூர் விமானத்தைப் பிடித்துவிடலாம்.
போனில் பார்த்தேன், பச்சையாகத்தான் காட்டுகிறது.
பள்ளிகொண்டாவிலும்
இரண்டையும் பச்சையாகத்தான் காட்டியது.